கைநாட்டு, கையெழுத்து, அதற்குப் பிறகு



இன்று செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாள். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். "டீச்சர், எங்க அம்மாவுக்கு நீங்கதான் அறிவொளியில எழுத்துச் சொல்லிக் குடுத்தீங்களாம். அறிவொளின்னா என்ன டீச்சர், டியூஷன் சென்டரா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு வருத்தமாக இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு மாவட்டமே திரண்டு செய்த வேலை இப்படியா மறந்து போகும்? அவளுக்காகவும் உங்கள் எல்லோருக்காகவும் எழுதுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்தத் தேதி. 1965 செப்டம்பர் 8-ஆம் நாள் ஈரானின் தெஹ்ரானில் பல நாட்டுக் கல்வி அமைச்சர்கள் கூடினார்கள். எழுத்தறியாமையை ஒழிப்பது எப்படி என்பதுதான் பேச்சு. அந்த மாநாடு தொடங்கிய நாளையே யுனெஸ்கோ எழுத்தறிவு நாளாக்கியது. 1967 முதல் கொண்டாடுகிறோம்.

நம் நாட்டில் அதற்கு முன்பும் முதியோர் கல்வி இருந்தது. 1978 அக்டோபர் 2-இல் ஜனதா ஆட்சி தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரை உள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் எழுத்துக் கற்பிப்பது இலக்கு. ஒரு மையத்துக்கு 30 பேர், ஓர் ஆசிரியர், மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். நல்ல எண்ணம்தான். ஆனால் சம்பளம், பதிவேடு, மையம் என்று அது ஓர் இலாகா வேலையாக நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் பலகையும் அரிக்கேன் விளக்கும் வந்தன, ஊர் சேர்ந்து வரவில்லை.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அடுத்த வருடம் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகமும் சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கைகோத்து வேறு வழியில் முயன்றன. மையம் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஊரில் படித்தவர் படிக்காதவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில் கேரளம் முழுவதையும் அப்படி அறிவித்தவர் ஆயிஷா என்ற மூதாட்டி. மேடையில் அமைச்சர்கள் இருக்க, அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற ஒரு பெண்மணியை அறிவிக்க வைத்தார்கள். அந்தச் செய்தியை நாளிதழில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

அந்த அலைதான் நம் புதுக்கோட்டைக்கும் வந்தது. அன்று நம் மாவட்டம் எப்படி இருந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. 1948 வரை சமஸ்தானம். பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்து, 1974-இல்தான் தனி மாவட்டம். வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், மழை பொய்த்தால் கல்குவாரி. 1991 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 39 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 51 சதவீதம். அதாவது நம் மாநிலத்திலேயே பாதிப் பெண்கள் கைநாட்டு.

கைநாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரோடு சாலைக்குக் கல் தரும் ஒப்பந்தம் போட்டார். நாளைக்கு இவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று, காகிதத்தில் அவருடைய உள்ளங்கையையே மையில் தோய்த்துப் பதிய வைத்தார். கோனாய் எழுதத் தெரிந்தவர், ஒப்பந்தமே அவர் கையெழுத்தில்தான் இருந்தது. ஆக, எளிய மனிதனின் வார்த்தையை நம்பாததால் வந்த பழக்கம் இது. பின்னாளில் எழுதத் தெரியாதவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சாலைக்குக் கல் என்று படித்ததும் எனக்கு நம் ஊர்க் குவாரி ஞாபகம் வந்தது.

1991-இல் எனக்கு 27 வயது. குவாரிக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். அறிவொளி இயக்கத்தைத் தன் வேலைகளில் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் தொண்டர்கள் சேர்ந்தார்கள். ஒருவருக்குப் பத்துப் பேர். காசு கிடையாது. கலைக்குழு ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் நாடகமும் போட்டது. எங்கள் ஊர் மந்தையில் நாடகம் முடிந்த இரவே பதினெட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

பாடமுறை எங்களுக்கே புதிது. நாங்கள் பள்ளியில் அ, ஆ என்று தொடங்குகிறவர்கள். இங்கே சொல்லில் தொடங்கி எழுத்துக்கு வர வேண்டும். பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரேயர் என்ற கல்வியாளர் 1963-இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேருக்கு இந்த வகையில்தான் கற்பித்தார். படிக்க வருகிறவரின் வாழ்க்கையில் அன்றாடம் புழங்கும் சொல்லை எடுத்து, அதைப் பற்றிப் பேசவிட்டு, பிறகு எழுத்தாகப் பிரித்துக் காட்டுவார். மறு வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரைக் கண்டு ஏன் பயந்தார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. குவாரியில் புரிந்தது.

என் வகுப்பில் கல் உடைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். முதல் நாளே, "டீச்சரம்மா, அ னா ஆவன்னா எல்லாம் அப்பறமாச் சொல்லுங்க. மேஸ்திரி சீட்டுல எத்தனை லோடுன்னு எழுதுறான், அதை மட்டும் பாக்கத் தெரியணும்" என்றார். நான் முதல் வாரம் முழுக்க எண்களையே சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவர் சீட்டோடு வந்தார். உடைத்தது ஐந்து லோடு, எழுதியிருந்தது நான்கு. "எத்தனை வருசமா இப்படி எழுதியிருப்பான்?" என்று அவர் கேட்டபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. மறுநாள் குவாரியில் பெரிய சண்டை. வகுப்புக்கு வரும் பெண்களுக்கு இரண்டு நாள் வேலை இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஆள் பற்றாமல் அவர்களே கூப்பிட்டார்கள். அதன் பிறகு சீட்டில் லோடு குறையவில்லை. அந்த அக்காவுக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் பெயர் எழுதக்கூட வராது.

மாவட்டம் முழுக்க இந்த மாதிரிப் பல விஷயங்கள் நடந்தன. குவாரிகள் சிலவற்றை, அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது நிர்வாகம். குழு என்றால் கணக்கு, ரசீது, தீர்மானம், கையெழுத்து எல்லாம் வேண்டுமே! எங்கள் அக்கா ஒரு குழுவில் பொருளாளர் ஆனார்.

அடுத்து சைக்கிள். இதைச் சொல்லாமல் புதுக்கோட்டை அறிவொளியைச் சொல்ல முடியாது. தொண்டர் பெண்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு நடை. அண்ணனோ அப்பாவோ கொண்டுபோய் விட்டால்தான் போக முடியும். அதனால் பெண்கள் சைக்கிள் கற்பதையும் இயக்கத்தின் பாடமாகவே சேர்த்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார். இயக்கத்தைச் சேர்ந்த முத்து பாஸ்கரன் சைக்கிளுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார், மாவட்டமே பாடியது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஆண்கள் சைக்கிளே வாங்கினார்கள். அதுவே நல்லது என்றும் சொன்னார்கள், முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! 1993-இல் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

எனக்கும் அதுவரை சைக்கிள் தெரியாது. என்னிடம் எழுத்துக் கற்ற பெண்கள்தான் எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். கொசுவத்தை இழுத்துச் செருகச் சொல்லி, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள். இரண்டு முறை கருவேல முள்ளில் விழுந்தேன். "கீழ பாக்காதீக டீச்சர், நேரா பாருங்க" என்பார்கள். ஒரு வாரம் கழித்து ஒருநாள் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை, நான் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பது எவ்வளவு கூச்சம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் யாரையும் அவசரப்படுத்தியதில்லை.

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தேர்ச்சிக்கு அளவுகோல் இருந்தது. மூன்று பாட நூல்கள், ஏறக்குறைய 200 மணி நேரம். முடிவில் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும், 100 வரை எண்கள், மூன்று இலக்கக் கூட்டல் கழித்தல். என் பத்துப் பேரும் தேறினார்கள். அதில் முதலாவதாக வந்தவர் ஆடு மேய்க்கிற ஓர் அக்கா. பஸ் போர்டைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார். பொருளாளர் அக்கா தட்டுத் தடுமாறித்தான் தேறினார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

2004-இல் ஒருநாள் வங்கிக்குப் போயிருந்தேன். நகைக்கடன் வரிசையில் அந்த ஆட்டுக்கார அக்கா நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவர் முறை வந்தது. மைப்பெட்டியை நகர்த்தினார்கள். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு கட்டை விரலை மையில் வைத்தார். வெளியே வந்து கடன் அட்டையை என்னிடம் நீட்டி, "தவணை எப்பன்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. "அக்கா, நீங்கதானே நம்ம வகுப்புல முதல் ஆளு?" என்றேன்.

"மறந்து போச்சு டீச்சரம்மா. ஆடு படிக்கவா சொல்லுது? எனக்கு யாரு கடுதாசி போடுறா, சொல்லுங்க" என்றார்.

அந்த வாரமே பொருளாளர் அக்காவைப் போய்ப் பார்த்தேன். தகரப் பெட்டியைத் திறந்து மூன்று நோட்டுகளை எடுத்துக் காட்டினார். வரவு, செலவு, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவர் கையெழுத்து. எழுத்துப் பிழை நிறைய இருந்தது, கணக்கில் ஒரு பிழையும் இல்லை. தடுமாறித் தேறியவருக்கு எழுத்து தங்கிவிட்டது, முதலாவதாக வந்தவருக்குப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஆசிரியர் நான்தான், நூலும் ஒன்றுதான். ஒருவருக்குத் தினமும் எழுத்தைக் கொண்டு ஆக வேண்டிய வேலை இருந்தது. இன்னொருவருக்கு இல்லை.

அதன் பிறகுதான் மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். கியூபாவில் 1961-இல் ஒரே வருடத்தில் 7,07,212 பேர் எழுத்துக் கற்றார்கள். சுமார் ஒரு லட்சம் பள்ளிப் பிள்ளைகள் விளக்கோடு மலைகளுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் போய், அந்த வீடுகளிலேயே தங்கிச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசித் தேர்வு என்ன தெரியுமா? ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதுவது. இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி அதற்குப் பிறகு வந்தது. அவர்கள் அங்கே நிறுத்தவில்லை. கற்றவர்களுக்குத் தொடர் வகுப்பு வைத்தார்கள், பின்னர் தொழிலாளர்கள் எல்லோரையும் ஆறாம் வகுப்புத் தரத்துக்குக் கொண்டுவர இன்னொரு பெரிய இயக்கம் நடத்தினார்கள்.

தான்சானியாவில் ஜூலியஸ் நைரேரே தானே ஆசிரியராக இருந்தவர், மக்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றே அழைத்தார்கள். 1970-ஐ முதியோர் கல்வி ஆண்டு என்று அறிவித்தார். எழுத்துக் கற்றவர்களுக்குக் கிராம நூலகங்கள் வந்தன. அவர்களுக்கென்றே சுவாஹிலியில் கிராமப் பத்திரிகை வந்தது. அதன் பெயருக்குப் பொருள் 'கல்விக்கு முடிவில்லை'. 1980-களில் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியதும் பணம் வற்றியது, இந்த ஏற்பாடுகள் எல்லாம் தளர்ந்தன. படிக்கக் காகிதம் இல்லாத ஊரில் படிப்பு எத்தனை நாள் தங்கும்?

நம் நாட்டிலும் காகிதத்தில் இது இருந்தது. எழுத்தறிவுக்குப் பிந்தைய கல்வி, தொடர்கல்வி, நம் மாநிலத்தில் வளர்கல்வி என்று பெயர்கள் வந்தன. புத்தகங்களும் அச்சாயின. ஆனால் 1991-இல் தெருவுக்கு வந்த ஊர், விழா முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டது. மற்றவர்களைச் சொல்வானேன்? நானே போய்விட்டேன். அறிவிப்பு வந்தது, ஊர்வலம் போனோம், சான்றிதழ் கொடுத்தோம். பிறகு எனக்குப் பள்ளி, தேர்வு, திருமணம், குழந்தைகள். பத்துப் பேரும் தேர்ச்சி என்று கணக்கை முடித்துவிட்டேன். பன்னிரண்டு வருடங்களில் ஒரு முறைகூட அந்த அக்காவிடம், "இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்கவில்லை. அவர் விரலில் இருந்த மை எனக்கும் கொஞ்சம் ஒட்டியது போலத்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அன்று தோன்றியது. ஐம்பது காசு அஞ்சலட்டை வாங்கி, பெரிய எழுத்தில் நாலே வரி எழுதிப் போட்டேன். அதிலிருந்து மாதம் ஒன்று. முதல் அட்டையை ரேஷன் கடைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். பதில் ஒன்றும் வரவில்லை. நானும் விடவில்லை. ஆறேழு மாதம் கழித்துச் சந்தையில் எதிரே வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, "மழை பேஞ்சுச்சான்னு கேட்டிருந்தீகள்ல, எங்கிட்டுப் பேயுது? ஆட்டுக்குக் குழை இல்ல" என்றார். "யாரு படிச்சுச் சொன்னா?" என்றேன். "நாந்தான். மூணு நாளாச்சு" என்றார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம், பெண்களில் 73 சதவீதம். எஞ்சிய அந்த நாலில் ஒரு பங்குப் பெண்கள் நமக்குத் தெரிந்தவர்கள்தான். சிலருக்கு அம்மா, சிலருக்கு அப்பத்தா, சிலர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா. 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது, தொண்டர்களும் சொல்லித் தருகிறார்கள். நல்லது. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் அந்த வகுப்புகளுக்குப் போகிறீர்கள் என்றும் அறிவேன். தேர்வு முடிந்த மறு மாதமும் ஒரு முறை போய்ப் பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

மற்றவர்கள் ஒன்று செய்யுங்கள். நூறு நாள் வேலை அட்டை, வங்கிக் குறுஞ்செய்தி, மருந்துச் சீட்டு, பேரன் பேத்தி மார்க் பட்டியல் என்று எது வந்தாலும், "குடு பாட்டி, நான் பாக்குறேன்" என்று வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே எழுத்துக்கூட்டிப் படிக்க வையுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். செல்போனில் உங்கள் பெயருக்குப் படம் வைக்காமல் தமிழில் எழுதி வையுங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் குரல் பதிவு அனுப்புகிற பழக்கத்தில் வாரம் ஒரு நாளாவது நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

போன் பண்ணிய என் மாணவிக்கு: உன் அம்மாவை அறிவொளி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சிலேட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறவராகத்தான் எனக்கு நினைவிருக்கிறது. இந்தப் பதிவை நீ படித்துக் காட்டாதே, கண்ணு. எழுத்தைப் பெரிதாக்கி அவர் கையில் கொடு. எத்தனை நாள் ஆனாலும் அவரே படிக்கட்டும். முடித்ததும் எனக்குச் சொல்லச் சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்